கீழே மேல்காற்று, மேலே கீழ்காற்று

அம்மாவின் விமானச் சீட்டைக் கையில் வாங்கியதும் எல்லோரும் பெயரையும் தேதியையும் சரிபார்த்தோம். மணியைக் கூட்டிக் கழித்துப் பார்த்தவள் பத்தாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகள் ஒருத்திதான். சிங்கப்பூரில் ஈசூன் பகுதியில் இருக்கும் என் தங்கைக்குப் பிரசவ நாள் நெருங்கியிருந்ததால், அம்மா ஆடி நடுவில் புறப்பட்டு ஆறு வாரம் அங்கே தங்கி, ஆவணிக் கடைசியில் திரும்புவதாக ஏற்பாடு. வடசென்னையில் எங்கள் காலடிப்பேட்டையைத் தாண்டி அதிகம் போகாத அம்மாவுக்கு அதுதான் முதல் விமானப் பயணம். போகும் சீட்டில் சென்னையிலிருந்து இரவு 11.20-க்குப் புறப்பாடு, மறுநாள் காலை 6.15-க்கு வருகை என்று போட்டிருந்தது. திரும்பும் சீட்டில் மாலை 6.40-க்குப் புறப்பாடு, அன்றிரவே 8.15-க்குச் சென்னை.

"போறதுக்கு ஏழு மணி நேரம், வரதுக்கு ஒன்றரை மணி நேரம். ஆயா வரும்போது மட்டும் ராக்கெட்ல வருவாங்களா, சித்தப்பா?" என்று கேட்டாள்.

இரண்டு ஊர்களுக்கும் கடிகாரம் வேறு என்று ஒரே வரியில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டுக் கணக்கைச் சரிபார்த்தபோது, அப்போதும் இருபது நிமிடம் இடித்தது. சிங்கப்பூரின் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதைக் கழித்தால் போகும் பயணம் 4 மணி 25 நிமிடம்; கூட்டினால் வரும் பயணம் 4 மணி 5 நிமிடம். தூரம் ஒன்று, விமானமும் ஒரே வகை, பிறகு ஏன் இந்த இருபது நிமிடம்? துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்கு முகவர் அலுவலகத்தில் கப்பல் வரும் நாளையும் போகும் நாளையும் எழுதிக்கொண்டே பதினெட்டு ஆண்டுகளைக் கழித்த எனக்கு, இந்தக் கேள்வியை அப்படியே விட மனம் வரவில்லை.

முதலில் தூரத்தை எடுத்துக்கொண்டோம். இணையத்தில் தேடினால் இரண்டு நகரங்களின் பெயரைப் போட்டவுடன் தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் சொல்லும் பக்கங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. ஒன்றுக்கொன்று பத்து, இருபது கிலோமீட்டர் வேறுபடுகின்றன. சில பக்கங்கள் நகரின் நடுப்புள்ளியிலிருந்து அளக்கின்றன, சில விமான நிலையத்திலிருந்து அளக்கின்றன. சில, மைலில் சொல்லும்போது அது தரை மைலா கடல் மைலா என்றுகூடச் சொல்வதில்லை. நேரத்தை அவை கணக்கிடும் முறையோ இன்னும் எளிது. தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டர் என்ற வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் என்று அரை மணி நேரத்தைச் சேர்த்துவிடுகின்றன. அந்தக் கணக்கு போகும் திசையையும் பார்ப்பதில்லை, மாதத்தையும் பார்ப்பதில்லை. ஒரு பக்கம் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே காரில் போனால் எத்தனை லிட்டர் பெட்ரோல் ஆகும் என்றும் சொல்லியது. வங்காள விரிகுடாவில் எந்த பங்க்கில் நிறுத்துவது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அதனால் நாங்களே அளந்தோம். சென்னை விமான நிலையம் வடக்கு அட்சரேகை 13 பாகையில், கிழக்குத் தீர்க்கரேகை 80.2 பாகையில் இருக்கிறது. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் வடக்கு 1.4, கிழக்கு 104. வடக்கு தெற்காக 11.6 பாகை, கிழக்கு மேற்காக 23.8 பாகை வித்தியாசம். தீர்க்கரேகைகள் நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக ஒன்றையொன்று நெருங்குவதால் இரண்டாவது எண்ணைச் சற்றுக் குறைக்க வேண்டும். இந்த இடத்தில் அது 23.6 ஆகிறது. பிறகு பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம்தான்: இரண்டையும் வர்க்கம் செய்து கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 26.3 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 2,919. இணையப் பக்கங்கள் சொல்வதும் ஏறத்தாழ 2,900-தான். தன் கணக்கு நோட்டில் வந்த விடை உலகத்தோடு ஒத்துப்போனதைப் பார்த்ததும் அவளுக்கு வந்த உற்சாகத்தில், அடுத்ததாக லண்டனையும் கணக்கிட்டுவிட்டாள். விடை 8,700 கிலோமீட்டர் வந்தது. உண்மையில் சென்னையிலிருந்து லண்டன் 8,200 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும்.

அந்த ஐந்நூறு கிலோமீட்டர் எங்கே போனது என்பதைக் காட்டப் பள்ளிக்கூட உலக உருண்டையும், என் மாமா வீட்டில் வலை பின்னும் நைலான் நூலும் போதுமாயிருந்தன. நூலைச் சென்னையில் ஒரு விரலாலும் லண்டனில் ஒரு விரலாலும் அழுத்தி, தொய்வில்லாமல் இழுத்துப் பிடித்தால், அது நாம் சுவர்ப்படத்தில் கோடு போடும் வழியில் போகாமல் வடக்கே வளைந்து போகிறது. உருண்டையின் மேல் குறுகிய வழி அதுதான். தட்டையான படத்தில் பார்த்தால்தான் அது வளைவாகத் தெரிகிறது. பிதாகரஸின் முக்கோணம் தட்டையான தரைக்கு உரியது; ஆகவே குறைந்த தூரத்துக்கும் நிலநடுக்கோட்டின் அருகிலும் அது காலை வாராது, லண்டன் போன்ற தூரத்து வடபுலத்து ஊருக்கு வாரிவிடும். சிங்கப்பூருக்கு நூலை இழுத்தபோது வளைவு கண்ணுக்கே தெரியவில்லை.

அந்த நூல் எந்தெந்த இடத்தின் மேல் கிடந்தது என்பதைப் பார்த்தபோதுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சென்னைக் கரையை விட்டுத் தென்கிழக்காகப் போகும் அந்தக் கோடு, பாதி வழிக்கு மேல் ஒரு துண்டு நிலத்தையும் தொடாமல் வங்காள விரிகுடாவைக் கடக்கிறது. பிறகு பெரிய நிக்கோபார் தீவின் தென்கோடியான இந்திரா முனைக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம் தெற்கே செல்கிறது. இந்தியாவின் தென்கோடி அதுதான். 2004 டிசம்பர் சுனாமியை எழுப்பிய நிலநடுக்கத்தில் நாலு மீட்டருக்கும் மேல் நிலம் தாழ்ந்துபோய், கலங்கரை விளக்கத்தின் அடியில் கடல் புகுந்த இடம். அங்கிருந்து கோடு சுமத்ராவின் வடமுனையை உரசிக்கொண்டு மலாக்கா நீரிணைக்குள் நுழைந்து, நீரிணையின் வழியாகவே சரிந்து இறங்கி, மலாக்கா நகரின் பக்கத்தில் கரையேறி, மலேசியாவின் ஜொகூரைத் தாண்டிச் சிங்கப்பூரை அடைகிறது.

நான் தினமும் அலுவலகத்தில் பார்க்கும் கப்பல் வழியும் இதுவேதான். சென்னைத் துறைமுகத்திலிருந்து சிங்கப்பூர் போகும் கப்பல் நிக்கோபாருக்கும் சுமத்ராவுக்கும் இடைப்பட்ட கால்வாயில் நுழைந்து, மலாக்கா நீரிணையில் இறங்கும். உலகத்தில் பெரும்பாலான ஊர்களுக்கு வான்வழித் தூரம் ஒன்றாகவும் கடல்வழித் தூரம் அதைவிட மிகப் பெரியதாகவும் இருக்கும்; கப்பல் நிலத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலோ இயற்கையே ஏறத்தாழ நேர்கோட்டில் தண்ணீரை விட்டுவைத்திருக்கிறது. இரண்டு வழிகளுக்கும் அதிக வித்தியாசம் கிடையாது.

எங்கள் தாத்தா 1950-களில் இதே கோட்டில் போனவர். இராயபுரத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர், 'ரஜூலா' கப்பலில் மேல்தளப் பயணியாக ஏறினார். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பலின் பெயர் தெரியாத குடும்பம் அந்தக் காலத்தில் துறைமுகத்தைச் சுற்றி இருந்திருக்காது. சென்னையில் கிளம்பி, நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றி, பினாங்கிலும் இன்று கிள்ளான் துறைமுகம் என்று சொல்லப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் நின்று சிங்கப்பூர் சேரும். மணிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கடல் மைல்தான் அதன் வேகம். நிற்கும் இடங்களையும் சேர்த்து ஒரு வாரம், சில நேரம் அதற்கும் மேல் ஆகும். ரஜூலாவுக்குப் பின் 'சிதம்பரம்' கப்பல் ஓடியது. 1985 பிப்ரவரியில் அது நடுக்கடலில் தீப்பிடித்து உயிர்கள் போனதோடு, சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் பயணிகள் கப்பலில் போகும் பழக்கமும் நின்றுபோனது. தாத்தா ஒரு வாரம் வாந்தி எடுத்துக்கொண்டே கடந்த கடலை, அம்மா ஒரு தூக்கம் போட்டுக் கடக்கப்போகிறார் என்பதை வீட்டில் சொல்லிச் சொல்லிப் பார்த்தோம். அம்மாவுக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை.

தூரத்தைக் கிலோமீட்டரில் சொன்னால் காசிமேட்டில் விசைப்படகு ஓட்டிய என் மாமாவுக்குப் பிடிபடாது. கடலில் ஆழத்தைப் பாகத்தில் சொல்வார், தூரத்தை மணியில் சொல்வார்: "எட்டு மணி நேர ஓட்டம்." படகில் ஜிபிஎஸ் கருவி வந்த பிறகு கடல் மைலும் வாயில் ஏறிவிட்டது. விமானிகளும் கடல் மைலில்தான் தூரத்தை அளக்கிறார்கள், மணிக்கு இத்தனை கடல் மைல் என்ற 'நாட்' கணக்கில்தான் வேகத்தைச் சொல்கிறார்கள் என்று நான் சொன்னபோது, ஆகாயத்தில் போகிறவனும் நம்ம ஆள்தான் என்பது போல ஒரு சிரிப்பு சிரித்தார். கடல் மைலின் பிறப்பும் எளிதானது: ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கடல் மைல், 1,852 மீட்டர். ஆகவே எங்கள் 26.3 பாகையை அறுபதால் பெருக்கினால் போதும், 1,578 கடல் மைல் வந்துவிடும். எட்டு நாட் வேகத்தில் மாமாவின் படகு போனால் 197 மணி நேரம், எட்டு நாளும் சில மணியும். விமானம் போகும் வேகம் 450 நாட்.

450 நாட் என்றால் மணிக்கு 830 கிலோமீட்டர் சொச்சம். அந்த வேகத்தில் 2,900 கிலோமீட்டரைக் கடக்க மூன்றரை மணி நேரமே போதும். ஆனால் விமானம் கிளம்பியவுடனேயே அந்த வேகத்தைப் பிடிப்பதில்லை. மேலேற இருபது நிமிடத்துக்கு மேலும், இறங்க அதைப் போலவும் ஆகிறது. அட்டவணையில் போடும் நேரமோ சக்கரம் தரையை விடுவதிலிருந்து தொடும் வரை உள்ள நேரமும் அல்ல. நிறுத்துமிடத்திலிருந்து விமானம் பின்னால் தள்ளப்படும் கணத்திலிருந்து, அங்கே போய் நிறுத்துமிடத்தில் நிற்கும் கணம் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்குப் பின் வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். போதாததற்கு, தாமதமானாலும் தாமதமாகத் தெரியாமலிருக்க நிறுவனங்கள் கொஞ்சம் கூடுதலாகவே போட்டு வைக்கின்றன. மாமா இதைக் கேட்டுவிட்டு, வீட்டில் சொல்லிவிட்டுப் போகும் நேரத்தைத் தானும் அப்படித்தான் சொல்வதாகச் சொன்னார்.

கடிகாரத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பூமி ஒரு பாகை சுற்ற நாலு நிமிடம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் 23.8 பாகை என்றால், அங்கே சூரியன் நமக்கு 95 நிமிடம் முன்னால் உச்சிக்கு வருகிறது. நியாயமாகப் பார்த்தால் கடிகார வித்தியாசம் ஒன்றரை மணி நேரத்தை ஒட்டித்தான் இருக்க வேண்டும். ஆனால் 1982 சனவரி முதல் நாளன்று சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தது; மலேசியா தன் இரண்டு பகுதிகளுக்கும் ஒரே நேரம் வைத்தபோது பக்கத்து நாடும் சேர்ந்துகொண்டது. தாத்தா போன காலத்தில் வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். நம் பக்கமும் அப்படியொன்றும் பழைய நேர்மை இல்லை. நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தின் கணக்கில் சென்னைக்குத் தனி நேரம் இருந்தது. இராயபுரத்திலிருந்து 1856-இல் ஓடத் தொடங்கிய தென்னாட்டு ரயில் மட்டுமல்ல, பிற்பாடு நாட்டின் ரயில்கள் எல்லாமே சென்னை நேரத்தைக் கைக்கொண்டன. 1906-இல் இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் வந்தபோது நம் கடிகாரம் ஒன்பது நிமிடம் முன்னால் போனது.

இவ்வளவையும் கேட்ட அண்ணன் மகள், "அப்போ பூமி கிழக்கே சுத்துறதால சிங்கப்பூர் ஓடிப்போகுது, பிளேன் துரத்திட்டுப் போகுது, அதான் இருபது நிமிஷம் கூடுதலா?" என்று கேட்டாள். அழகான ஊகம், ஆனால் தவறு. பூமியோடு சேர்ந்து காற்றும் சுற்றுகிறது. ஓடும் மின்சார ரயிலுக்குள் நாம் மேலே குதித்தால் பின்பெட்டியில் போய் விழுவதில்லை அல்லவா? விமானத்துக்குத் தரை எப்படி ஓடுகிறது என்பது பொருட்டே அல்ல, தான் மிதக்கும் காற்று தரையின் மேல் எப்படி நகர்கிறது என்பதுதான் பொருட்டு. அது ஆற்றில் போகும் தோணி போன்றது. துடுப்பின் வேகம் ஒன்றுதான். நீரோட்டத்தோடு போனால் கரை விரைவாக வரும், எதிர்த்துப் போனால் தாமதமாகும்.

இங்கேதான் நான் வழுக்கினேன். கிழக்கே போகும் விமானம் சீக்கிரம் போகும், மேற்கே போவது தாமதமாகும் என்று படித்திருக்கிறேன்; ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் எல்லோரும் சொல்வது இது. வட அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகிறவர்களுக்கு அது சரி. அங்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பெருங்காற்று ஓடுகிறது. பனிக்காலத்தில் நம் வட இந்தியாவின் மேலும் அது ஓடுகிறது. ஆனால் எங்கள் சீட்டுகள் இரண்டும் தலைகீழாக இருந்தன: கிழக்கே போவது 4 மணி 25 நிமிடம், மேற்கே வருவது 4 மணி 5 நிமிடம். சீட்டில் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன்.

பிழை என் நினைப்பில் இருந்தது. ஆடியில் நம் ஊரில் அடிப்பது மேற்குக் காற்று. அம்மியும் பறக்கும் என்று பழமொழி சொல்லும் அந்தக் காற்று காலடிப்பேட்டை மொட்டைமாடியில் காயும் துணியைக் கடல் பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். ஆனால் அது தரையை ஒட்டிய காற்று. அதே ஆடியில், நம் தலைக்கு மேலே பன்னிரண்டு, பதினாலு கிலோமீட்டர் உயரத்தில், காற்று கிழக்கிலிருந்து மேற்காக வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காலத்தில் திபெத்திய மேட்டுநிலம் வெயிலில் சூடேறி, அதற்கு மேலே உயர்வளியில் காற்று குவிந்து, அங்கிருந்து தெற்கே பரவும்போது பூமியின் சுழற்சியால் மேற்காகத் திரும்பிவிடுகிறது. தென்கிழக்கு ஆசியாவின் மேலிருந்து தென்னிந்தியாவைக் கடந்து ஆப்பிரிக்கா வரை இது ஓடும். சூன் முதல் செப்டம்பர் வரைதான் இதன் ஆட்டம். 1950-களில் இதைக் கண்டு விளக்கியவர் பி. கோடீஸ்வரம் என்னும் இந்திய வானிலை அறிஞர். பிற்காலத்தில் இந்திய வானிலைத் துறைக்கே தலைவராக இருந்தவர்.

தமிழில் மேற்குக்கு மேல் என்றும் கிழக்குக்குக் கீழ் என்றும் பெயர். கடலுக்குப் போகிறவர்கள் இன்றும் மேல்காற்று, கீழ்காற்று என்றுதான் சொல்கிறார்கள். ஆடியில் சென்னையின் மேல் நடப்பதை இந்தச் சொற்களில் சொன்னால், கீழே மேல்காற்று, மேலே கீழ்காற்று. மாமாவிடம் இப்படிச் சொன்னபோது முதலில் நான் கேலி செய்வதாக நினைத்தார். பிறகு அவரே யோசித்து, ஆடியில் தாழ்ந்த மேகம் கரையிலிருந்து கடலுக்குப் போகும்போது, அதற்கும் மேலே பஞ்சைப் பிரித்துப் போட்டது போன்ற மெல்லிய மேகம் எதிர்ப்பக்கமாக நகர்வதைப் பார்த்திருப்பதாகச் சொன்னார். அவர் பார்க்காமல் சொல்லமாட்டார்.

இருபது நிமிடத்தைச் சரிபார்ப்பதற்குப் பெரிய கணிதம் தேவைப்படவில்லை. காற்றில்லாத வானில் விமானம் மணிக்கு 840 கிலோமீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வழி முழுவதும் சராசரியாக 40 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று அடித்தால் தரையின் மேல் அதன் வேகம் 800. 2,900 கிலோமீட்டருக்கு 217.5 நிமிடம். திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளினால் வேகம் 880, நேரம் 197.7 நிமிடம். வித்தியாசம் 19.8, ஏறத்தாழ இருபது. நோட்டில் இந்த எண்ணைப் பார்த்தபோது எங்கள் இருவரில் அதிகம் குதித்தது யார் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. மீதமிருக்கும் சில நொடிகளை ஓடுபாதையின் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். விமானம் காற்றை எதிர்த்துத்தான் கிளம்பும். ஆகவே ஆடியில் மீனம்பாக்கத்தில் பெரும்பாலும் மேற்கு நோக்கி எழும்பி, பிறகு சுற்றித் திரும்பித்தான் கடலைப் பார்க்கிறது. கிழக்குக் காற்று அடிக்கும் கார்த்திகையில் அந்தத் தொல்லை இல்லை, எழும்பியதும் நேரே கடல்தான்.

இதெல்லாம் மீனம்பாக்கத்திலிருந்து சாங்கி வரை. காலடிப்பேட்டையிலிருந்து மீனம்பாக்கம் என்பது தனிக் கணக்கு, அதுதான் எங்களைப் போன்ற வடசென்னைக்காரர்களுக்குப் பல ஆண்டுகள் பெரிய கணக்காக இருந்தது. நேர்கோட்டில் பார்த்தால் ஏறத்தாழ இருபத்து நாலு கிலோமீட்டர்தான் இருக்கும். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தங்கையை முதன்முதலில் அனுப்பப் போனபோது, தண்டையார்பேட்டைக்கு முன்பே துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்க, வாடகைக் கார் ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். இரண்டே முக்கால் மணி நேரம் கழித்து விமான நிலையத்தை அடைந்தோம். பறந்த நேரத்தில் பாதிக்கும் மேல் தரையிலேயே போனது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. காலடிப்பேட்டையில் ஏறினால் வண்டி மாறாமல், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் விமான நிலையத்தில் இறங்கலாம். அம்மாவை அப்படித்தான் கூட்டிக்கொண்டு போனோம். சுக்கும் பூண்டும் பனைவெல்லமும் கட்டிய பையை மடியில் வைத்துக்கொண்டு, சுரங்கத்திலிருந்து ரயில் வெளியே வந்து மேலேறியபோது, இதுவே பறப்பது போலத்தான் இருக்கிறது என்றார்.

மொத்தக் கணக்கையும் நோட்டில் எழுதிப் பார்த்தோம். வீட்டு வாசலிலிருந்து மெட்ரோ வழியாக விமான நிலையத்துக்கு ஒன்றேகால் மணி, அங்கே மூன்று மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும், பயணம் 4 மணி 25 நிமிடம், குடிநுழைவுச் சோதனைக்கும் பெட்டி எடுக்கவும் முக்கால் மணி, சாங்கியிலிருந்து ஈசூன் ஒரு மணி. பத்தரை மணி நேரம் ஆகிவிடுகிறது. காற்றில் இருக்கும் நேரம் அதில் பாதிகூட இல்லை. இரண்டு ஊர்களுக்கு இடையே எவ்வளவு நேரம் என்று யாராவது கேட்டால், நான் இப்போது எந்த வாசலிலிருந்து எந்த வாசலுக்கு என்று திருப்பிக் கேட்கிறேன்.

அன்றிரவு மாமா எங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார். அம்மா அவருக்கு மூத்தவர். தூக்கம் வராது என்று மாமா சொல்லவில்லை, வரவில்லை, அவ்வளவுதான். விமானங்களை வரைபடத்தில் காட்டும் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு மூவரும் உட்கார்ந்தோம். சிறிய மஞ்சள் விமானம் கரையை விட்டு நகர்ந்தது. அரை மணி நேரம் நன்றாகத் தெரிந்தது. பிறகு கோடு புள்ளிகளாக மாறியது. இது கணிப்பு மட்டுமே என்று செயலி சொன்னது. விமானம் தான் இருக்கும் இடத்தைத் தொடர்ந்து வானொலி அலையில் சொல்லிக்கொண்டே போகிறது, அதைத் தரையில் இருக்கும் கருவிகள் வாங்கிக்கொள்கின்றன. பூமி வளைந்திருப்பதால் கரையிலிருந்து நானூறு கிலோமீட்டர் தாண்டினால் அந்தக் கருவிக்கு விமானம் கண்ணில் படாது. நடு விரிகுடாவில் வாங்கிக்கொள்ள யாரும் இல்லை. காரணம் தெரிந்தும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மாமா திரையைப் பார்த்துவிட்டு, "டவர் இல்லாத எடம்பா. நாங்க நாலு நாள் அப்படித்தான் இருப்போம், உங்க அம்மா கரையில உக்காந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார். இரண்டு மணியைத் தாண்டிச் சுமத்ராவின் வடமுனைக்கு அருகில் கோடு மறுபடி அழுத்தமானபோது அவர்தான் முதலில் பார்த்தார்.

ஆறு வாரம் கழித்து, ஆவணிக் கடைசியில், பேரன் பிறந்து முப்பது நாள் ஆன பிறகு அம்மா திரும்பி வந்தார். மீனம்பாக்கத்தில் வெளியே வந்ததும் அண்ணன் மகள் கேட்ட முதல் கேள்வி, எத்தனை மணி நேரம் ஆனது என்பது. அம்மா இடக்கையைத் திருப்பிக் காட்டினார். தாத்தா வாங்கிக் கொடுத்த சாவி கொடுக்கும் கைக்கடிகாரம். தங்கை எவ்வளவோ சொல்லியும் அதைச் சிங்கப்பூர் நேரத்துக்கு மாற்றவே இல்லையாம். ஆறு வாரமும் அங்கே நம் ஊர் நேரத்திலேயே மருந்து சாப்பிட்டிருக்கிறார். "கதவை மூடிட்டுக் கெளம்பும்போது இதுல நாலு பத்து. வந்து நின்னு எல்லாரும் எழுந்திருக்கும்போது எட்டு அஞ்சு."

அவள் அங்கேயே நின்று நோட்டை எடுத்தாள். 3 மணி 55 நிமிடம்.